அந்நியரை வெளியே அனுப்பவும்

ஊரில் ஏன் குழந்தைகளே பிறப்பதில்லை என்று கண்டுபிடிக்க அரசாங்கம் ஒரு குழு போட்டது. குழுவில் ஐந்து பேர், ஐந்து பேரும் ஆண்கள். பிள்ளை பெறுவதைப் பற்றி ஆராய வந்தவர்களில் பிள்ளை பெற்றவர் ஒருவர்கூட இல்லை. பெற்றவர்களின் கணவர்கள் இருந்தார்கள். அது போதும் என்று தலைநகரத்தில் யாரோ மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து முடிவு செய்திருக்க வேண்டும்.

கான்னர்ஸ் கோ என்ற அந்த மீன்பிடி ஊருக்கு அவர்கள் வந்தது ஜூன் மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். நண்டுப் பருவம். ஆண்கள் படகில், பெண்களில் பாதிப் பேர் நண்டு ஆலையில், பள்ளி விடும் நேரம் வேறு. ஒரு தாயும் வந்துவிடக் கூடாது என்று உட்கார்ந்து யோசித்திருந்தால்கூட இதைவிடப் பொருத்தமான நேரம் கிடைத்திருக்காது. ஆனால் அவர்கள் அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. யோசிக்கவே இல்லை, அதுதான் ரொவீனாவுக்கு வயிற்றெரிச்சல்.

ரொவீனா ஸ்னூக் பேசுவதற்குப் பெயர் கொடுத்திருந்தாள். அவளுக்குக் குழுவிடம் கேட்க ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு மறுபடி திறக்குமா, திறக்காதா?

அந்த வார்டின் கதவில் 'தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது' என்று ஒரு பலகை தொங்க ஆரம்பித்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. எழுத்தெல்லாம் வெளுத்துப்போய்விட்டது, பலகை மட்டும் இறங்கவில்லை. அந்தக் கடற்கரையில் யார் பிள்ளை உண்டானாலும், தேதிக்கு ஒரு மாதம் முன்பே பெட்டியைத் தூக்கிக்கொண்டு செயின்ட் ஜான்ஸ் பட்டணத்துக்குப் போய், தெரியாத வீட்டில் வாடகை அறை எடுத்து, வலி வருகிறவரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ரொவீனா போன ஜூனில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் கார்ஃப் நண்டுக்குப் போயிருந்தான். நண்டு யாருக்காகவும் காத்திருக்காது, பருவம் போனால் போனதுதான். வலி வந்தபோது டாக்ஸிக்காரர்தான் பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி உள்ளே வரை வந்தார். "உன் வீட்டுக்காரர் எங்கம்மா?" என்று கேட்டார். "கடல்ல" என்று சொல்வதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது. கார்ஃப் வந்து சேர்ந்தபோது மகள் மேஸி பிறந்து, மஞ்சள் காமாலை வந்து, அதுவும் இறங்கியிருந்தது. அவன் ஜாக்கெட்டில் இரைமீன் நாற்றம் அடித்தது. அந்த நாற்றத்தை முகர்ந்ததும்தான் ரொவீனா முதல்முறையாக அழுதாள்.

மேஸியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்த அன்றைக்கே படகுத்துறையில் ஹெக்டர் மாமா ஆரம்பித்துவிட்டார். "எங்கடி அந்தப் பட்டணத்துக்காரி? நம்ம ஊர்க் காத்து ஒத்துக்குதா அவளுக்கு?" ஊரே சிரித்தது. பட்டணத்துக்காரர்கள் என்றால் கான்னர்ஸ் கோ ஊரில் எப்போதும் ஒரு இளக்காரம் உண்டு: காற்றின் திசை தெரியாதவர்கள், மீனைப் பொட்டலத்தில் மட்டுமே பார்த்தவர்கள். ரொவீனாவும் சிரித்தாள். ஒரு வருஷமாகச் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதோ சுருக்கென்று தைக்கும்.

இப்போது இரண்டாவது. இரண்டு மாதம் ஆகிறது. யாருக்கும் தெரியாது, கார்ஃபுக்கும் தெரியாது. ஜனவரியில் பிறக்கும். ஜனவரியில் பட்டணத்துக்குப் போகும் மேட்டுவெளிச் சாலையைப் பனி மூடினால் இரண்டு மூன்று நாளுக்கு ஈ காக்கை போகாது. அதற்குப் பயந்து டிசம்பரிலேயே பட்டணம் போனால் மேஸியை யாரிடம் விடுவது? அம்மா கதவைத் தாண்டினாலே ஊரைக் கூட்டுகிற பிள்ளை. பால் இன்னும் மறக்கவில்லை. கார்ஃபிடம் சொல்ல வேண்டும்தான். சொன்னால் அவன் ஒரு கேள்வி கேட்பான், அதற்கு அவளிடம் பதில் இல்லை. அந்தப் பதில் இந்தக் குழுவிடம் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு போய், இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

சமூகக்கூடத்தில் மேசைகளை லாட வடிவில் போட்டு, மேலே பச்சைத் துணி விரித்து, மைக் வைத்திருந்தார்கள். எதிரே சாட்சி சொல்பவருக்கு ஒரு சின்ன மேசை. சுவரோரமாகச் சுகாதாரத் துறை அதிகாரி ஒருவர், கோட்டுப் பையில் பேனாக்களோடு, யாராவது கேட்டால் பதில் சொல்ல உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்கவில்லை.

தலைவர் பெயர் சைரஸ் பட்ஜெல். கெட்ட மனிதர் இல்லை, எல்லோரையும் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை வைத்தே நாலு தேர்தல் ஜெயித்தவர். அன்று இருட்டுவதற்குள் இன்னொரு ஊருக்குப் போக வேண்டும் என்று அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் மேயர் பேசினார். பள்ளியில் மூன்று வகுப்புகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டதைச் சொல்லி வருத்தப்பட்டார். அப்புறம் பாதிரியார், குடும்பம் என்பது ஒரு வரம் என்றார். நண்டு ஆலை முதலாளி வெஸ்லி ராலண்ட், "வேலைக்கு இளம் பொண்ணுங்களே வர்றதில்ல. வீட்லயே உட்கார்ந்துக்கறாங்க" என்றார். பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு வர இந்த ஊரில் ஒரு காப்பகம் இருக்கிறதா என்று அவரை யாரும் கேட்கவில்லை. ரொவீனா போன வருஷம்வரை அவருடைய ஆலையில்தான் நண்டுக் கால் பிரித்தவள். வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டாளாம்! மேஸி பிறந்த நாளிலிருந்து உட்கார்ந்து ஒரு வாய் சூடாகச் சாப்பிட்டது அவளுக்கு நினைவே இல்லை.

அடுத்து டொராண்டோவிலிருந்து வந்த நிபுணர். திரையில் ஒரு கோடு மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு போனது. "இன்றைய இளம் பெண்களின் முன்னுரிமைகள் மாறிவிட்டன" என்றார் நிபுணர், யாரோ செத்துப்போனதைச் சொல்வது போல.

ரொவீனாவின் முதுகுக்குப் பின்னால் சமையலறையிலிருந்து ஒரு பெண்குரல் நன்றாகவே கேட்டது: "முன்னுரிமையா? எனக்கு முதல்ல தூக்கம்தான் வேணும்னு அவன்கிட்ட சொல்லு."

அது டல்சி. டல்சி அத்தை என்றுதான் ஊரே கூப்பிடும். ஆலையில் சங்கத் தலைவி, கூடத்தில் டீ போடுவதில் தலைவி, எதிலும் தலைவி. கூட்டத்துக்கு வந்த மற்ற அரை டஜன் பெண்களும் அன்று சமையலறையில்தான் இருந்தார்கள். குழந்தைகளை வைத்துக்கொள்ள வேறு இடமில்லை, குழுவுக்கு டீயும் முட்டை சாண்ட்விச்சும் தயாராக வேண்டும், ஆகவே தாய்மார்கள் எல்லோரும் அடுப்படிக்குப் போய்விட்டார்கள். யாரும் போகச் சொல்லவில்லை, அது தானாக நடந்தது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே பரிமாறுவதற்கான ஒரு பெரிய ஜன்னல் உண்டு, மேலிருந்து இறக்கும் தகர ஷட்டரோடு. அதைத் தூக்கி வைத்துவிட்டு, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே அவர்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் விளிம்பில் இருந்த, படகுகளோடு பேசும் வயர்லெஸ் பெட்டி நடுநடுவே கரகரத்தது. பருவம் முடியும்வரை அதை யாரும் அணைக்க மாட்டார்கள். புருஷன்மார் எல்லாம் அதற்குள்தான் இருந்தார்கள்.

"அம்மாமார்களே," என்றார் பட்ஜெல் திரும்பி, அதே சிரிப்போடு, "அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்கிக்கறீங்களா? சத்தம் மைக்ல ஏறுது. டீ நேரத்துக்குத் தூக்கினா போதும்."

ஷட்டர் தடதடவென்று இறங்கியது. டல்சி அதை இறக்கிய வேகத்தில் திரையில் கோடே ஒரு குலுங்கு குலுங்கியது.

பிறகு ரொவீனாவின் முறை.

சாட்சி மேசையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் அட்டை வைத்தார்கள். மேயருக்கு 'மேயர்', வெஸ்லி ராலண்டுக்கு 'ஆலை உரிமையாளர்', நிபுணருக்கு இரண்டு வரி. ரொவீனா தன் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். 'ரொவீனா ஸ்னூக், தனிநபர்'.

மடியில் ஒருத்தி, வயிற்றில் ஒன்று. தனிநபராம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் நல்ல சிரிப்பில்லை.

"வணக்கம். என் பேர் ரொவீனா. நான் ஆஸ்பத்திரி வார்டு பத்தி..." என்று தொடங்கினாள். மேஸி இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். கூடம் முழுக்க ஒரு பெரிய சப்பும் சத்தம் கேட்டது.

குழுவின் செயலர், மெரிடித் என்ற இளம்பெண், எழுந்து வந்து குனிந்தாள். கையில் விதிப்புத்தகம். முகம் சிவந்திருந்தது.

"மன்னிச்சுக்கங்க. சாட்சி மட்டும்தான் இங்க உட்காரலாம்."

"நான்தானே உட்கார்ந்திருக்கேன்?"

"குழந்தை..."

"அது என் மடியில உட்கார்ந்திருக்கு. உங்க நாற்காலில இல்ல."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மெரிடித் இன்னும் சிவந்தாள். "குழு உட்கார்ந்தா இந்த இடம் சட்டசபை மாதிரி. உறுப்பினர், சாட்சி, இவங்களைத் தவிர யாரா இருந்தாலும் விதியில அவங்களுக்கு ஒரே சொல்லுதான் இருக்கு. அந்நியர். பழைய காலத்துச் சொல்லு. தப்பா எடுத்துக்காதீங்க."

"யாரு அந்நியர்?"

"விதிப்படி மட்டும்தான்..."

"யாருன்னு சொல்லுங்க."

"குழந்தை" என்றாள் மெரிடித், தரையைப் பார்த்துக்கொண்டு.

பட்ஜெல் தன் பக்க மைக்கைத் தட்டினார். நிலைமையை லேசாக்குவது அவருக்குக் கைவந்த கலை. "நம்ம குட்டி அந்நியரை யாராவது கொஞ்சம் வெளியே தூக்கிட்டுப் போங்கப்பா. காத்து வாங்கட்டும். இவங்க பேசி முடிக்கட்டும்."

கூடம் கலகலவென்று சிரித்தது. ஹெக்டர் மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். "பட்டணத்துக்காரிதானே, அந்நியர்தான்!"

குழந்தைகளே இல்லை என்று அழுவதற்காக வந்த கூட்டம் அது. அந்தக் கூடத்தில் இருந்த ஒரே குழந்தையைப் பார்த்து வெளியே போ என்கிறது, அதற்கு ஊரும் சிரிக்கிறது. ரொவீனாவுக்குக் காது இரண்டும் கொதித்தன. ஆனாலும் பேச வேண்டும், அதற்குத்தான் வந்தாள். டல்சி சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து கையை நீட்ட, மேஸியைக் கொடுத்தாள். மேஸி ஒரு விநாடி அம்மாவைப் பார்த்தாள். பிறகு வீறிட்ட வீறிடலில் மைக் கீச்சிட்டது, நிபுணர் காதைப் பொத்திக்கொண்டார். ரொவீனா வாயைத் திறந்தாள், அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் போயும் அழுகை நிற்கவில்லை.

பட்ஜெல் கடிகாரத்தைப் பார்த்தார். "பரவாயில்லம்மா, நீங்க போய்ப் பிள்ளையைப் பாருங்க. நேரமிருந்தா கடைசில கூப்பிடறோம். நீங்க சொல்ல வந்ததை நாங்க கவனத்துல எடுத்துக்கறோம்."

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே!"

அவர் அதற்குள் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருந்தார்.

சமையலறையில் மேஸி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து விக்கிக்கொண்டிருந்தாள். மற்ற குழந்தைகள் தரையில் கரண்டிகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கொதிக்கிற கெட்டில்களின் ஆவியில் கண்ணாடி எல்லாம் மங்கியிருந்தது.

"அனுப்பிட்டானுங்களா?" என்றாள் டல்சி.

"நேரமிருந்தாக் கூப்பிடறாங்களாம்."

"எங்க ஆலையிலயும் இப்படித்தான். பொம்பள பேச நேரமே இருக்காது, பொம்பள வேலை செய்ய மட்டும் நாள் முழுக்க இருக்கும்." வெண்ணெய்க் கத்தியை ரொட்டியில் குத்தி நிறுத்தினாள். "உட்காரு என் கண்ணு. இந்தா, ஒரு வாய் டீ."

ரொவீனா உட்காரவில்லை. ஷட்டருக்கு அந்தப் பக்கம் நிபுணரின் குரல் மறுபடி ஆரம்பித்திருந்தது. "குழந்தைகளை வரவேற்கும் ஒரு சூழலை நாம் உருவாக்க வேண்டும்" என்றது அந்தக் குரல்.

அந்த வார்த்தைதான் பொறுக்கவில்லை. ரொவீனா ஒரு கையால் மேஸியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஷட்டரின் கைப்பிடியைப் பிடித்து வேகமாக மேலே தள்ளினாள். தகரம் மேலே போய் மோதிய சத்தத்தில் கூடமே திரும்பியது.

"வரவேற்கறீங்களா? யாரை? இதோ இருக்கா, வரவேற்றுத் தொலைங்க! நாலு பேர் பேசினதையும் கேட்டேன். ஒருத்தராவது அந்த வார்டைப் பத்தி வாயைத் திறந்தாங்களா? பெத்துக்க இடத்தைப் பூட்டிட்டு, ஏன் பெத்துக்கலைன்னு ஊர் ஊரா வந்து கேக்கறீங்க. போன வருஷம் ஒரு டாக்ஸிக்காரர் கையைப் பிடிச்சுக்கிட்டு இவளைப் பெத்தேன். அவர் பேரு எனக்குத் தெரியாது. புருஷன் கடல்ல, சொந்தபந்தம் ஊர்ல, நான் மட்டும் அங்க, யாரோட வீட்லயோ. உங்க கோடு கீழே இறங்குதே, அதுல ஒரு புள்ளியாவது நான்தான். அந்தப் புள்ளிகிட்டக் கேட்டீங்களா?"

பின்னால் பெண்கள் எல்லோரும் வந்து ஜன்னலில் முட்டிக்கொண்டு நின்றார்கள். "கேளு மகளே, கேளு" என்றாள் டல்சி.

"அம்மா, அம்மா" என்று பட்ஜெல் இரண்டு கையையும் தூக்கினார். மெரிடித் அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் முகத்தில் நிம்மதி பரவியது. "உங்க ஆதங்கம் புரியுது. ஆனா சமையலறை குழுவோட பகுதி இல்ல. அங்கிருந்து பேசினா பதிவாகாது. அதுதான் விதி."

"அப்ப நான் இவ்ளோ நேரம் கத்தினது?"

மெரிடித்தான் பதில் சொன்னாள், மெதுவாக. "பதிவுல 'இடையூறு'ன்னுதான் போடுவோம்."

ரொவீனா மேஸியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். மேஸியோடு மேசைக்குப் போனால் அவள் அந்நியரைக் கூட்டி வந்தவள். மேஸியோடு இங்கே நின்றால் அவள் இடையூறு. மேஸி இல்லாமல் போனால் மட்டும் அவள் தாய்மாரைப் பற்றிப் பேசலாம். எந்த மடையன் இதை உட்கார்ந்து யோசித்தான்?

அவள் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு, மேஸியோடு, கூடத்தின் நடுவே நடந்து போய் அந்தச் சின்ன மேசையில் உட்கார்ந்தாள். பெயர் அட்டையைத் தள்ளினாள். அது கீழே விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

மெரிடித் மறுபடி எழுந்தாள். ரொவீனா அவளைப் பார்த்து, "தெரியும்மா, உன்மேல கோபமில்ல. உன் விதிப்படியே செய்றேன்" என்றாள். பிறகு தலைவர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, அந்நியரை வெளியே அனுப்பச் சொன்னீங்க. சரி. இவளை வேணும்னா அனுப்பலாம். அழுவா, டல்சி அத்தை வச்சுப்பாங்க. ஆனா என்கூட இன்னொரு அந்நியரும் உள்ள வந்திருக்கு. அதை எப்படி வெளியே வச்சுட்டு வர்றதுன்னு உங்க புத்தகத்துல பார்த்துச் சொல்லுங்க." கையை வயிற்றில் வைத்தாள். "இரண்டு மாசம். ஜனவரியில பிறக்கும்."

 சமையலறை ஜன்னலில் டல்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை ரொவீனா சாகும்வரை மறக்க மாட்டாள். கை தட்டினார்கள். முதலில் பட்ஜெல், எழுந்து நின்று, முகமெல்லாம் பல்லாக. அப்புறம் குழு முழுவதும், நிபுணர், பாதிரியார், வெஸ்லி ராலண்ட். "இது! இதுதான் எங்களுக்கு வேணும்!" என்றார் பட்ஜெல். "நல்ல சேதியோட இந்தக் கூட்டத்தை முடிக்கறோம். வாழ்த்துக்கள் அம்மா, வாழ்த்துக்கள்!" யாரோ செல்பேசியைத் தூக்கிப் படம்கூட எடுத்தார்கள்.

"கை தட்டாதீங்க!"

அந்தக் கத்தலுக்கு மேஸிகூட அழவில்லை, அம்மாவையே பார்த்தாள்.

"இது உங்களுக்குச் சேதி இல்ல. என் பிள்ளை. என் புருஷனுக்கே இன்னும் தெரியாது. உங்ககிட்ட ஒரு பதில் வாங்கிட்டுப் போய் அவன்கிட்டச் சொல்லணும்னு வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். இப்ப ஊருக்கு முன்னால போட்டு உடைச்சுட்டேன். ஏன்? அப்படிச் சொன்னாத்தான் உங்களுக்குக் காது திறக்குது. அதனால ஒழுங்காப் பதில் சொல்லுங்க. ஜனவரியில நான் எந்த ஆஸ்பத்திரிக்குப் போறது? வார்டு திறக்குமா, திறக்காதா?"

"அதை நாங்க கவனத்துல..."

"கவனம் வேணாம். பதில் வேணும். சொன்னாத்தான் எழுந்திருப்பேன்."

பட்ஜெல் கடிகாரத்தைப் பார்த்தார். சாட்சி மேசையில் ஆள் இருக்கும்போது கூட்டத்தை முடிக்க முடியாது, அதுவும் விதிதான். மெரிடித் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அவருக்கு உதவ அவள் எழவில்லை.

குழுவில் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒருவர், இதுவரை வாயே திறக்காத தாடிக்காரர், சுவரோரம் திரும்பினார். "உங்க துறைதானே? சொல்லுங்களேன். திறக்கப் போறீங்களா?"

சுகாதாரத் துறை அதிகாரி எழுந்தார். பேனா ஒன்றை எடுத்தார், மறுபடி பையில் போட்டார். "அந்த வார்டோட கட்டில், கருவி எல்லாம் போன இலையுதிர்காலத்துலயே வேற இடத்துக்கு மாத்தியாச்சு. அந்த இடத்துல இப்ப பதிவேடுகள் வச்சிருக்கோம்."

"அப்ப தற்காலிகம் இல்லையா?" என்றார் தாடிக்காரர்.

"சொல்லப்போனா... இல்ல. முடிவெடுத்தாச்சு. அறிவிப்பு மட்டும் இன்னும் வரல."

 மேஸி மைக்கைத் தட்டிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கூடம் முழுக்கத் தொம் தொம்மென்று கேட்டது. பின்வரிசையிலிருந்து ஹெக்டர் மாமா எழுந்தார். அவர் குரல் நடுங்கியது. வெட்கமா, கோபமா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"என் பேத்தியும் போன மார்ச்சுல பட்டணத்துலதான் பெத்தா. திறந்துருவாங்க, அடுத்தது இங்கதான்னு அவகிட்ட நான்தான் சொன்னேன். பலகையைப் பார்த்துட்டுத்தான் சொன்னேன்." அதிகாரியைப் பார்த்துக் கையை நீட்டினார். "அந்தப் பலகையை ஏன்யா மாட்டி வச்சிருக்கீங்க? யாரை ஏமாத்த?"

அதற்கு மேல் கூட்டம் கூட்டமாக இல்லை. ஆளாளுக்கு எழுந்து கத்தினார்கள். வெஸ்லி ராலண்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு நழுவினார். ரொவீனா மெரிடித்தைப் பார்த்தாள். "எல்லாம் பதிவாச்சா?"

"ஒரு வார்த்தை விடல" என்றாள் மெரிடித்.

அப்போதுதான் ரொவீனா எழுந்தாள்.

பட்ஜெல் பைல்களை அடுக்கிக்கொண்டே சமையலறை ஜன்னல் பக்கம் பார்த்தார். பழக்கம் போகுமா? கூட்டம் என்றால் முடிவில் டீ உண்டு. கெட்டில்கள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன, சாண்ட்விச் மலையாகக் குவிந்திருந்தது, வெல்லப்பாகு பன்களின் வாசனை கூடம்வரை வந்தது. "ஒரு கப் கிடைக்குமாம்மா?" என்றார் டல்சியிடம், அந்த நாலு தேர்தல் சிரிப்பில் மிச்சமிருந்ததோடு.

"கவனத்துல எடுத்துக்கறோம்" என்றாள் டல்சி, ஷட்டரை இறக்கினாள்.

கார்கள் போன பிறகு சமையலறையில் பெண்கள் யாரும் ரொவீனாவிடம் வாழ்த்துச் சொல்லவில்லை. ஒருத்தி அவள் கையில் ஒரு தட்டைத் திணித்தாள், இன்னொருத்தி மேஸியை வாங்கிக்கொள்ளப் பார்த்து முடியாமல் விட்டாள். ரொவீனா தட்டை மேசையில் வைத்தாள். ஜெயித்த மாதிரி இல்லை. கேட்ட பதில் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். அது அவள் பயந்துகொண்டிருந்த அதே பதில்.

"ஹெக்டர் இன்னேரம் படகுத்துறைக்குப் போயிருப்பான்" என்றாள் டல்சி. "அவன் வாய் சும்மா இருக்காது. வேற எவனாவது சொல்லி கார்ஃபுக்குத் தெரியறதுக்குள்ள நீயே சொல்லிடு, என் கண்ணு."

"வயர்லெஸ்லயா? எல்லாப் படகுக்கும் கேக்குமே."

"கேக்கட்டும். ஆம்பளைங்களும் ஒரு தடவை கேக்கட்டும்."

ரொவீனா பெட்டியிலிருந்து பேசுகருவியை எடுத்தாள். பெண்கள் குழந்தைகளை அதட்டி அடக்கினார்கள். கார்ஃபின் படகைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டு முறை இரைச்சல்தான் வந்தது, மூன்றாவதில் அவன் குரல் வந்தது, காற்றுக்கு நடுவே.

"கேக்குது, சொல்லு. மேஸி நல்லாருக்காளா?"

"நல்லாருக்கா. கார்ஃப்..." பட்டனை அழுத்திப் பிடித்தாள். தன் கையாலேயே அவனுக்குச் சந்தோஷத்தைக் கொடுக்க வேண்டும் என்று எத்தனை நாளாக ஆசைப்பட்டாள், எப்படிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. "இன்னொன்னு வருது, கார்ஃப். ஜனவரியில."

கருவி கரகரத்தது. கடலில் இருந்த மற்ற படகுகள் எதுவும் குறுக்கே பேசவில்லை. அவன் நல்லவன், பிள்ளை என்றால் உயிரை விடுபவன். அவன் மூச்சு ஒருமுறை ஏறி இறங்கியதுகூட அவளுக்குக் கேட்டது. ஆணா பெண்ணா என்று அவன் கேட்கவில்லை, உடம்பு எப்படி என்றும் கேட்கவில்லை.

"எங்க?" என்றான்.